நேரியலற்ற அலைச் சமன்பாடுகளுக்கு எந்த எண்முறை? கொடைக்கானல் மாணவர்களுக்காக ஓர் ஒப்பீடு

கொடைக்கானலில் முதுநிலை இயற்பியலும் கணிதமும் படிக்கும் மாணவ மாணவியரின் ஆய்வேடுகளுக்கு வழிகாட்டுவதால், நேரியலற்ற அலைச் சமன்பாட்டைக் கணினியில் தீர்க்க எந்த எண்முறையைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி என்னிடம் தவறாமல் வருகிறது. அவர்கள் கையில் இருப்பது ஒரு சாதாரண மடிக்கணினி. கிடைப்பது ஒரே ஒரு பருவம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த மலையில் மின்சாரம் எப்போது போகும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பாடநூலில் உள்ள முறைகளை ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடுப்பதற்கு அவர்களுக்கு நேரம் இல்லை. ஆகவே தொடக்கத்திலேயே சரியாகத் தேர்ந்தெடுப்பதற்கு உதவும் வகையில், நான் பரிந்துரைப்பவற்றையும் அவற்றுக்கான காரணங்களையும் இங்கே எழுதுகிறேன்.

முறையின் புகழைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சமன்பாட்டில் உள்ள உறுப்புகளில் எது நேரப்படியை (கணினி ஒரு தடவையில் முன்னேறும் கால அளவை) மிகவும் இறுக்கிப் பிடிக்கிறது, அலை தன் இரு ஓரங்களிலும் எப்படி முடிகிறது, தீர்வில் செங்குத்தான முறிவு வருமா வராதா என்ற மூன்றையும் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து பார்த்தால், பெரும்பாலும் முறை தானாகவே தீர்மானமாகிவிடுகிறது. இந்த மூன்றிலும் சமன்பாட்டுக்குச் சமன்பாடு விடை மாறுவதால், எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே சிறந்த முறை என்று ஒன்றைச் சொல்வதற்கில்லை.

முதலில் கோர்ட்வேக்–டி விரீஸ் சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். இங்கு எழுதப்படும் ஆய்வேடுகளில் மிகுதியானவை இதிலிருந்துதான் தொடங்குகின்றன. ஆழமற்ற நீரில் செல்லும் அலைகளுக்காக 1895இல் எழுதப்பட்ட இந்தச் சமன்பாட்டில், உயரமான பகுதியை வேகமாக ஓடச் செய்து அலையைச் செங்குத்தாக்க முயலும் நேரியலற்ற உறுப்பும், வெவ்வேறு அலைநீளங்களை வெவ்வேறு வேகத்தில் பிரித்து அனுப்பும் மூன்றாம் வகைக்கெழு உறுப்பும் எதிரெதிராக வேலை செய்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும்போது வடிவம் மாறாமல் செல்லும் சாலிட்டான் கிடைக்கிறது. நேரியலற்ற உறுப்புக்கு 6 என்ற கெழுவை இட்டு எழுதும் வழக்கமான வடிவத்தில், உயரம் 2 உள்ள சாலிட்டான் 4 என்ற வேகத்தில் செல்லும். இந்தத் துல்லியமான தீர்வு கையில் இருப்பது பெரிய வசதி; எந்த முறையையும் முதலில் இதைக் கொண்டே சோதிக்கலாம்.

இச்சமன்பாட்டுக்குச் சபுஸ்கியும் கிரஸ்கலும் 1965இல் பயன்படுத்திய வேறுபாட்டு முறை இன்றும் கற்கத் தகுந்தது. நேரத்தில் லீப்ஃப்ராக் (முந்தைய, இப்போதைய நேரங்களின் அலைகளைக் கொண்டு அடுத்ததைக் கணக்கிடுவது), இடத்தில் மைய வேறுபாடு (வகைக்கெழுவுக்குப் பதிலாக இருபக்கப் புள்ளிகளின் வேறுபாட்டை இடுவது) என்று எளிமையாக அமைந்த இந்த முறையைக் கொண்டே, ஒரு கொசைன் வளைவிலிருந்து தொடங்கிய அலை எட்டு சாலிட்டான்களாகப் பிரிவதை அவர்கள் கண்டார்கள். நேரியலற்ற உறுப்பில் வரும் உயரத்துக்கு அவர்கள் நடுப்புள்ளியின் மதிப்பை மட்டும் இடாமல், அந்தப் புள்ளி, அதன் இடப்பக்கப் புள்ளி, வலப்பக்கப் புள்ளி ஆகிய மூன்றின் சராசரியை இட்டார்கள். பார்வைக்குச் சிறிய மாற்றமாகத் தோன்றும் இதன் பயன் பெரிது. அந்த உறுப்பை உயரத்தால் பெருக்கி எல்லாப் புள்ளிகளுக்கும் கூட்டினால், அடுத்தடுத்து வரும் பெருக்கற்பலன்கள் ஒன்றையொன்று நீக்கிக்கொண்டு முடிவில் பூச்சியமாகிவிடுகின்றன. அதனால் உயரத்தின் வர்க்கங்களது கூடுதலை இடப் பகுப்பு கெடுப்பதில்லை. சராசரியை எடுத்துவிட்டு நடுப்புள்ளியை மட்டும் இட்டால் அந்தக் காப்பு போய்விடுகிறது. மாணவர்கள் இந்தக் கூட்டலை ஒருமுறை தாளில் செய்து பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது உண்டு. ஒரு முறையை வடிவமைப்பதில் எங்கே கவனம் வேண்டும் என்பது அந்த அரைப்பக்கக் கணக்கில் விளங்கிவிடும்.

ஆனால் இந்த முறைக்குக் கொடுக்க வேண்டிய விலை மூன்றாம் வகைக்கெழுவிலிருந்து வருகிறது. நீளம் 40 உள்ள பெட்டியில் 256 புள்ளிகளை வைத்தால், புள்ளிகளுக்கிடையிலான தூரம் ஏறத்தாழ 0.156. நிலைப்புக்கான நிபந்தனை அந்தத் தூரத்தின் கனத்தைச் சார்ந்திருப்பதால், நேரப்படி சுமார் 0.0015ஐத் தாண்டக் கூடாது. 10 என்ற நேரம் வரை ஓட்டுவதற்கு ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவான படிகள் போதும். புள்ளிகளை 512ஆக்கினால் படிகள் எட்டு மடங்காகி 54,000ஐத் தாண்டுகின்றன; 1024ஆக்கினால் நான்கு லட்சத்தைத் தாண்டிவிடுகின்றன. புள்ளிகளை இரட்டிப்பாக்கும் ஒவ்வொரு முறையும் மொத்த வேலை 16 மடங்காகப் பெருகுகிறது.

அவ்வளவு வேலைக்கும் கிடைக்கும் துல்லியம் எவ்வளவு என்று பார்த்தால், ஓர் அலைநீளத்துக்கு 12 புள்ளிகள் இருக்கும்போது மைய வேறுபாடு தரும் மூன்றாம் வகைக்கெழு 7 விழுக்காடு குறைவாக இருக்கிறது. 6 புள்ளிகள் மட்டுமே இருந்தால் 25 விழுக்காடு குறைகிறது. இரண்டு புள்ளிகளுக்கு ஓர் அலை என்ற மிகக் குறுகிய அலைக்கு அது பூச்சியமே ஆகிவிடுகிறது. குறுகிய அலைகள் தமக்குரிய வேகத்தில் பிரிந்து செல்லாமல் தப்பான இடத்தில் தங்கிச் சாலிட்டான்களைச் சுற்றி நுண்ணிய நெளிவுகளாகத் தெரிகின்றன. அந்த நெளிவுகளை இயற்பியல் விளைவு என்று நம்பி ஆய்வேட்டில் விளக்கம் எழுதப்படும் ஆபத்து உண்மையில் இருக்கிறது.

போலி ஸ்பெக்ட்ரல் முறையில் இந்தப் பிழை இல்லை. வகைக்கெழுவை அண்டைப் புள்ளிகளின் வேறுபாட்டிலிருந்து கணக்கிடாமல், அலையை விரைவு ஃபூரியர் உருமாற்றத்தால் அலை எண்களாகப் பிரித்து, ஒவ்வோர் அலை எண்ணையும் உரிய காரணியால் பெருக்கித் திரும்பக் கொண்டுவருகிறோம். நேரியலற்ற பெருக்கலை மட்டும் இடப் புள்ளிகளில் செய்கிறோம். ஃபோர்ன்பெர்க், விதம் (Whitham) ஆகிய இருவரும் 1978இல் இந்த வழியில் நேரியலற்ற அலைகளை விரிவாகக் கணக்கிட்டுக் காட்டினர். வழுவழுப்பான அலைக்கு, புள்ளிகளைக் கூட்டக் கூட்டப் பிழை எந்த நிலையான அடுக்கையும் விட வேகமாகக் குறைகிறது. மேலே சொன்ன சாலிட்டானுக்கு 256 புள்ளிகளே தாராளம்.

ஆயினும் இடத்தில் கிடைத்த துல்லியம் நேரப்படியின் இறுக்கத்தைத் தளர்த்துவதில்லை. உண்மையில் இன்னும் இறுக்குகிறது. அதே பெட்டியில் 256 புள்ளிகளுக்கு மிகப் பெரிய அலை எண் ஏறத்தாழ 20. அதன் கனம் எண்ணாயிரத்துக்கு மேல். ஒரு நேரப்படிக்குள் மாற்ற வீதத்தை நான்கு முறை கணக்கிட்டு முன்னேறும் நான்காம் படி ரங்கே–குட்டா முறையை அப்படியே பயன்படுத்தினால் நேரப்படி 0.00035ஐத் தாண்ட முடியாது. இதற்குத் தீர்வு எளிது. மூன்றாம் வகைக்கெழு உறுப்பு நேரியல் உறுப்பு. ஃபூரியர் வெளியில் அதன் தீர்வு ஒரு கலப்பெண் சுழற்சி மட்டுமே. தொகையீட்டுக் காரணியைப் பயன்படுத்தி அந்தச் சுழற்சியைத் துல்லியமாகச் செய்துவிட்டால், எஞ்சுவது நேரியலற்ற உறுப்பின் நிபந்தனை ஒன்றுதான், அது 0.01க்குச் சற்று மேற்பட்ட நேரப்படி வரை இடம் கொடுக்கிறது. முப்பது மடங்குக்கு மேல் கிடைக்கும் இந்தச் சேமிப்பு, மடிக்கணினியில் ஓட்டுபவருக்குச் சாதாரணமானதன்று.

தொகையீட்டுக் காரணியிலும் ஒரு குறை உண்டு. வேகமாகச் சுழலும் காரணிகள் நேரியலற்ற உறுப்புக்குள் புகுந்துவிடுவதால், நிரல் வெடிக்காமல் ஓடினாலும் பெரிய நேரப்படியில் துல்லியம் குறைகிறது. காக்ஸும் மேத்யூஸும் 2002இல் தந்த அடுக்குக்குறி நேரப் பகுப்பு முறை இந்த இடத்தில் மேலானது. ஆனால் அதன் கெழுக்களைச் சூத்திரத்தில் உள்ளபடியே கணக்கிட்டால் கணினி கவிழ்த்துவிடும். அடுக்குக்குறியிலிருந்து அதன் தொடரின் முதல் மூன்று உறுப்புகளைக் கழித்துக் கனத்தால் வகுக்கும் ஒரு கெழுவைப் பாருங்கள். மாறியின் மதிப்பு 0.00001 என்றால் தொகுதியில் (பின்னத்தின் மேற்பகுதியில்) இருக்க வேண்டியது பத்தின் எதிர் 16ஆம் அடுக்கின் அளவுள்ள எண். கணினியின் முழுமையாக்கப் பிழையும் அதே அளவு. ஆகவே விடையாகக் கிடைப்பது வெறும் குப்பை. காசமும் டிரெஃபதனும் 2005இல் இதற்கு அழகான வழி சொன்னார்கள்: அந்தச் சிறிய மாறியைச் சுற்றிக் கலப்பெண் தளத்தில் ஒரு வட்டம் வரைந்து, வட்டத்தின் மேல் 32 புள்ளிகளில் சூத்திரத்தைக் கணக்கிட்டுச் சராசரி எடுத்தால் கெழு துல்லியமாகக் கிடைத்துவிடும். நேரப்படி மாறாத வரை இந்தக் கெழுக்களை ஒரே ஒரு முறை கணக்கிட்டு வைத்துக்கொண்டால் போதும்.

எனவே கோர்ட்வேக்–டி விரீஸ் சமன்பாட்டுக்கு நான் பரிந்துரைப்பது போலி ஸ்பெக்ட்ரல் முறையும் அடுக்குக்குறி நேரப் பகுப்பும் சேர்ந்த இணை. ஆனாலும் சபுஸ்கி–கிரஸ்கல் முறையை முதல் வாரத்திலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். முற்றிலும் வேறு வழியில் எழுதப்பட்ட இரண்டு நிரல்கள் ஒரே தொடக்க அலைக்கு ஒரே விடையைத் தருவது, தேர்வாளர் முன் வைக்கக்கூடிய வலுவான சான்று.

ஸ்பெக்ட்ரல் நிரல் எழுதுவோர் வழக்கமாக இடறும் இடங்கள் சில. விரைவு ஃபூரியர் உருமாற்ற நூலகங்கள் அலை எண்களைப் பூச்சியம், நேர் எண்கள், பிறகு எதிர் எண்கள் என்ற வரிசையில் தருகின்றன. அதைச் சிறியதிலிருந்து பெரியதுவரை என்று கொண்டு பெருக்கினால் முதல் படியிலேயே அலை சிதைந்துவிடும். ஒற்றைப்படை வகைக்கெழுக்களுக்கு, வரிசையின் நடுவில் நிற்கும் மிகப் பெரிய அலை எண்ணைப் பூச்சியமாக்க வேண்டும். இல்லையெனில் மெய்யெண்ணாக இருக்க வேண்டிய அலைக்குக் கற்பனைப் பகுதி முளைக்கும். இரண்டு அலைகளைப் பெருக்கும்போது வலையில் அடங்காத அலை எண்கள் பிறந்து, வேறு அலை எண்ணின் வேடத்தில் திரும்பி வந்து உட்காருவதைத் தடுக்க, மேற்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு அலை எண்களை நீக்கிவிடுவது நல்ல பழக்கம். இன்னொன்று, பெட்டி வளையமாக இருப்பதால், சாலிட்டானுக்குப் பின்னால் இடப்பக்கம் செல்லும் சிற்றலைகள் பெட்டியைச் சுற்றிக்கொண்டு வந்து சாலிட்டானின் முன்பக்கத்தில் மோதும். அந்த மோதலுக்கு முன் ஓட்டத்தை முடித்துவிட வேண்டும், அல்லது பெட்டியைப் பெரிதாக்க வேண்டும்.

கொடைக்கானலில் இருப்பவருக்கு இயல்பாகவே நெருக்கமான இன்னொரு சமன்பாடு பெஞ்சமின்–ஓனோ. 1899இல் தொடங்கப்பட்ட சூரிய ஆய்வகம் இந்த ஊரில்தான் இருக்கிறது. சூரியக் கரும்புள்ளிகளின் புறநிழற்பகுதியில் வளிமம் ஆரவழியில் வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டதும் இங்கேதான். ஆழமான அடுக்கு நீரின் உள்ளலைகளுக்காக உருவான பெஞ்சமின்–ஓனோ சமன்பாடு, சூரியனின் காந்தப் பாளங்களில் செல்லும் அலைகளுக்கும் பொருந்துவதை 1982இல் ராபர்ட்ஸும் மாஞ்ஜெனேயும் காட்டினார்கள். சூரிய இயற்பியலில் நாட்டமுள்ள மாணவி ஒருவர் இதை எடுத்தால் நான் மகிழ்வேன். ஆனால் முறையைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும்.

ஒன்று, இச்சமன்பாட்டில் வரும் ஹில்பர்ட் உருமாற்றத்துக்கு ஒவ்வொரு புள்ளியும் மற்ற எல்லாப் புள்ளிகளையும் கேட்டாக வேண்டும். வேறுபாட்டு முறையில் 512 புள்ளிகளுக்கு ஒரு படிக்கு இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட பெருக்கல்கள் வேண்டும். ஃபூரியர் வெளியிலோ அதுவே அலை எண்ணின் குறியைச் சார்ந்த ஒரு பெருக்கலாக ஒடுங்கிவிடுகிறது. உருமாற்றத்தின் செலவும் ஐயாயிரத்தை ஒட்டிய செயல்களின் மடங்காகவே இருக்கிறது. எனவே ஸ்பெக்ட்ரல் முறையைத் தவிர வேறெதையும் இங்கே நான் சொல்ல மாட்டேன். நேரப்படியின் இறுக்கமும் அலை எண்ணின் வர்க்கத்தோடு நின்றுவிடுவதால் கோர்ட்வேக்–டி விரீஸைவிட இது இளகியது.

மற்றொன்று, இதன் சாலிட்டானுக்கு நீண்ட வால் உண்டு. முந்தைய சமன்பாட்டில் உயரம் 2 உள்ள சாலிட்டானின் உச்சியிலிருந்து 20 அலகு தள்ளிப் பார்த்தால் எஞ்சியிருப்பது பத்தின் எதிர் 16ஆம் அடுக்குக்கும் கீழே. கணினிக்கு அது பூச்சியமே. பெஞ்சமின்–ஓனோவில் வேகம் 1, உச்சி 4 உள்ள சாலிட்டான் அதே 20 அலகு தொலைவில் இன்னும் 0.01 உயரத்தோடு நிற்கிறது. நீளம் 40 உள்ள பெட்டியில் அதை அடைத்தால், ஓரத்தில் அதன் சரிவு முறிவதோடு, அண்டைப் பெட்டிகளில் உள்ள அதன் பிம்பங்களின் வாலும் இதன் மேல் விழுகிறது. அடுக்குக்குறி வேகத்தில் தேயும் சாலிட்டானுக்குப் போதுமான பெட்டி இதற்குப் போதாது. முடிவிலித் தளத்தின் சாலிட்டானோடு ஒப்பிட்டுப் பிழையைக் கணக்கிடாமல், இச்சமன்பாட்டுக்கே உள்ள துல்லியமான வளைய அலைத் தீர்வோடு ஒப்பிடுவதே முறை. அதன் பிறகு பெட்டியின் நீளத்தை இரட்டிப்பாக்கி, விடை எவ்வளவு நகர்கிறது என்று பார்த்து அதையும் ஆய்வேட்டில் எழுத வேண்டும்.

நேரியலற்ற ஷ்ரோடிங்கர் சமன்பாட்டில் தேர்வு எளிது. ஒளியிழைகளில் மட்டுமன்றிக் காந்தச் சுழல் சங்கிலிகளிலும் இது மறைந்திருப்பதை 1977இல் காட்டியவர் நம் தமிழகத்து இயற்பியலாளர் மு. லட்சுமணன் என்பதால், இங்கே இதற்குத் தனி ஈர்ப்பு உண்டு. இதில் நேரியலற்ற பகுதியைத் தனியே எடுத்தால் அலையின் வீச்சு மாறுவதே இல்லை, கட்டம் மட்டும் சுழல்கிறது. ஆகவே அதைத் துல்லியமாகத் தீர்த்துவிடலாம். நேரியல் பகுதியை ஃபூரியர் வெளியில் துல்லியமாகத் தீர்க்கலாம். இரண்டையும் அரைப்படி, முழுப்படி, அரைப்படி என்று மாற்றி மாற்றிச் செய்யும் பிளவுப்படி முறையை ஹார்டினும் டேப்பர்ட்டும் 1973இல் தந்தார்கள். வீச்சின் வர்க்கக் கூடுதல் இதில் முழுமையாகக் காக்கப்படுகிறது. நேரப்படிக்கு எல்லையே இல்லை என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது: சமதள அலையின் மேல் ஓட்டும்போது புள்ளி இடைவெளியின் வர்க்கத்தைப் பை (π) என்ற எண்ணால் வகுத்துக் கிடைப்பதைவிட நேரப்படி பெரிதானால், இல்லாத நிலையின்மையை இந்த முறை தானே உண்டாக்கும் என்று வைட்மனும் ஹெர்ப்ஸ்ட்டும் 1986இல் நிறுவினர். பண்பேற்ற நிலையின்மையையே (சமதள அலையில் சிறு குலைவு தானாக வளர்வதையே) ஆய்வுப் பொருளாகக் கொண்டவர் இந்த எல்லையை மறந்தால், தான் கண்டது இயற்கையா, நிரலின் கோளாறா என்று பிரித்தறிய முடியாது.

சைன்–கார்டன் சமன்பாட்டுக்கு வரும்போது என் பரிந்துரை தலைகீழாகிறது. இதில் இரண்டாம் வகைக்கெழுவே மிக உயர்ந்தது. அலையின் வேகமும் 1ஐத் தாண்டாது. நேரப்படி புள்ளி இடைவெளியைவிடச் சிறிதாக இருந்தால் போதும். மேலும் இதன் கிங்க் தீர்வு ஒரு முனையில் பூச்சியத்திலும் மறு முனையில் 2 பை அளவிலும் நிற்பதால் வளையப் பெட்டிக்குள் அப்படியே உட்காராது. இங்கே ஃபூரியர் முறைக்கு மல்லுக்கட்டுவதைவிட, எளிய லீப்ஃப்ராக் வேறுபாட்டு முறையே நல்லது. அதன் ஆற்றல் பிழை சிறு எல்லைக்குள் ஊசலாடுமே தவிர நாள்பட வளராது. ஆற்றல் துல்லியமாகவே காக்கப்பட வேண்டும் என்றால், ஸ்ட்ராஸும் வாஸ்கெஸும் 1978இல் தந்த முறை இருக்கிறது. அதில் ஒவ்வொரு புள்ளியிலும் தனித்தனியே ஒரு சிறு நேரியலற்ற சமன்பாட்டைத் தீர்த்தால் போதும். பெரிய அணி எதுவும் வராது. அடுத்த படியின் மதிப்பும் முந்தைய படியின் மதிப்பும் மிக நெருங்கிவிடும் இடத்தில் பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்க நேரும் என்பதால், கொசைன்களின் வேறுபாட்டைச் சைன்களின் பெருக்கலாக மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும்.

மலைக்கே உரிய கேள்வி ஒன்றும் அவ்வப்போது வரும்: கொடை ஏரியின் உபரிநீர் வெள்ளி அருவியாக விழுவது போன்ற செங்குத்தான சரிவில், திடீர் வெள்ளத்தின் முகப்பு எப்படி இறங்கும்? இதற்குரிய ஆழமற்ற நீரின் சமன்பாடுகளில் முகப்பு முறிந்து செங்குத்துச் சுவராகிவிடுகிறது. சிற்றலைகளாகப் பிரித்து அனுப்பி அதைத் தணிக்கும் உறுப்பு எதுவும் இல்லை. ஸ்பெக்ட்ரல் முறையை இங்கே எடுத்தால் முகப்பின் இருபுறமும் அலைவுகள் எழுந்து நீரின் ஆழம் எதிரெண்ணாகவும் ஆகிவிடும். முடிவுறு கனஅளவு முறை ஒன்றே இதற்கு ஏற்றது. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் வந்த நீருக்கும் போன நீருக்கும் கணக்கு வைக்கும் அந்த முறையில்தான் முகப்பின் வேகம் சரியாக வரும். சரிவான தரைக்கு, அசையாமல் நிற்கும் ஏரி கணினியிலும் அசையாமல் நிற்கிறதா என்று முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும்.

நரம்பு வலைப்பின்னல்களைக் கொண்டு இத்தகைய சமன்பாடுகளைத் தீர்க்கும் முறை 2019க்குப் பிறகு பெரிதும் பேசப்படுகிறது. அளந்த தரவிலிருந்து சமன்பாட்டின் கெழுவைக் கண்டுபிடிக்க அது பயன்படலாம். ஒரு பரிமாணத்தில் தொடக்க அலையிலிருந்து முன்னோக்கிச் செல்லும் வேலைக்கு, மேலே சொன்ன முறைகள் மிகக் குறைந்த நேரத்தில் மிக உயர்ந்த துல்லியத்தைத் தருகின்றன.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் சோதனையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உயரத்தின் கூடுதலும் வர்க்கக் கூடுதலும் மாறவில்லை என்று ஒரு வரைபடம் போட்டுவிட்டு நிரல் சரி என்று முடிவுகட்டுவது வழக்கமாகிவிட்டது. சபுஸ்கி–கிரஸ்கல் முறையில் கூடுதல் எப்போதுமே காக்கப்படும். சாலிட்டான் தவறான வேகத்தில் சென்றாலும் காக்கப்படும். ஆகவே முறை தானாகக் காக்காத ஓர் அளவை, கோர்ட்வேக்–டி விரீஸில் கனமும் சரிவின் வர்க்கமும் கலந்த ஆற்றலைக் கண்காணிக்க வேண்டும். அதோடு சாலிட்டானின் உச்சி எந்த இடத்தில் நிற்கிறது என்பதையும் துல்லியத் தீர்வோடு ஒப்பிட வேண்டும்.

மின்தடைக்கும் இந்தத் தேர்வில் இடம் உண்டு. ரங்கே–குட்டா வகையிலும் பிளவுப்படியிலும் ஒரு நேரத்தின் அலையை மட்டும் கோப்பில் சேமித்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். லீப்ஃப்ராக்கில் அடுத்தடுத்த இரண்டு நேரங்களின் அலைகளையும் சேமிக்க வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த நேரத்தின் மாற்ற வீதத்தை மட்டும் நம்பி முன்னேறும் ஆய்லர் படியால் மறுபடி தொடங்கினால், படிக்குப் படி மேலும் கீழும் துள்ளும் போலித் தீர்வு புதிதாகக் கிளறப்படும். சேமிக்கும்போது எல்லா இலக்கங்களும் அடங்கும் இரும வடிவில், முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, எழுதி முடிந்த பின்னரே பழைய கோப்பின் பெயருக்கு மாற்ற வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனாலும் முந்தைய கோப்பு சிதையாமல் இருக்கும்.